பாங்குக்கு முந்திய ஒரு நிமிடம்

கலீலுர் றஹ்மான் மௌலவிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மார்க்கக் கேள்விக்கும் நேரே பதில் சொல்லமாட்டார். தான் ஏற்காத கருத்தை முதலில் எடுத்து, அந்தக் கருத்துக்காரனே எழுந்து நின்று பேசுவதுபோல முழுப் பலத்தோடும் சொல்லுவார். குரல் உயரும், விரல் நீளும். பிறகு நிறுத்தித் தாடியைத் தடவி, "இது அவங்கட வாதம். இப்ப வாங்க, ஒவ்வொண்டாப் பாப்பம்" என்று அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார். எதிராளியின் சொல்லைப் பாதியாகச் சொல்லிவிட்டு வெல்வது வெற்றியல்ல, களவு என்று மத்ரஸாவில் அவருக்கு ஓதிக்கொடுத்திருந்தார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் பாடம் நடந்த காலத்தில் பேஸ்புக் இருக்கவில்லை.

அவருடைய மனைவி நுஸ்ரத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. வியாழக்கிழமைகளில் பொழுதுபட்டபின், மஃரிப் தொழுகைக்கும் இஷாத் தொழுகைக்கும் இடையில், மூதூரில் தங்கள் வீட்டு முன்னறையில் மௌலவி நடத்தும் கேள்வி பதில் நிகழ்ச்சியை அவருடைய பேஸ்புக் பேஜில் லைவ் போடுவது அவள்தான். முகமும் காட்டமாட்டாள், குரலும் காட்டமாட்டாள். ஊரார் அனுப்பும் கேள்விகளில் நல்லதாகப் பார்த்துத் துண்டுகளில் எழுதி அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியதும் அவளுடைய பெருவிரல் தானாகவே போய் லைவை நிறுத்திவிடும். பாங்கு சொல்லும்போது பேசக்கூடாது. படம் பிடித்துக்கொண்டிருப்பதும் மரியாதைக் குறைவென்று அவளுக்குப் பட்டது. மௌலவியும் சொல் பாதியில் நின்றாலும் வாயை மூடிவிடுவார். மீதிப் பதிலைத் தொழுகை முடிந்ததும் பள்ளிக்குள் இருந்து சொல்லுவார். பள்ளிக்குள் போன் தூக்கக்கூடாதென்று நிருவாக சபை தடைபோட்டிருந்ததால், அந்த மீதி தொழவந்த ஆண்களோடு முடிந்துவிடும். லைவ் பார்த்தவர்கள் யாரும் இதற்காகக் குறைப்பட்டதில்லை. "பாங்குக்கு நிப்பாட்டினது அழகு, மாஷா அல்லாஹ்" என்றுதான் எழுதுவார்கள்.

இந்த இரண்டு நல்ல பழக்கங்களும் ஒரு வியாழக்கிழமை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முட்டவைத்த கேள்வி வெள்ளத்தைப் பற்றியது.

போன மழைக்கு மகாவலி பெருகி, நுஸ்ரத்தின் தெரு முழுவதும் கூரைவரை தண்ணீருக்குள் போனது. மௌலவி அப்போது கிண்ணியா மத்ரஸாவில் அகப்பட்டிருந்தார். பிள்ளைகள் இரண்டையும் இடுப்பிலும் தோளிலும் வைத்துக்கொண்டு நின்ற நுஸ்ரத்தையும் அயலவர்களையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் அயலூரான சம்பூரின் தமிழ் ஆட்கள். கோயில் மண்டபத்தில் தங்கவைத்துத் தண்ணீர் வடியும்வரை சோறு போட்டார்கள். அந்த ஊர் மாதர் சங்கத் தலைவி இலட்சுமிதான் அடுப்படியில் நின்றவர். சோற்றுக் கிடாரத்தில் அகப்பை போட்டுக் கிண்டிக் கிண்டி அவருடைய உள்ளங்கை கொப்புளித்திருந்ததை நுஸ்ரத் தன் கண்ணால் பார்த்தாள்.

வெள்ளம் வடிந்து வீடு திரும்பியதும் ஊர் வாய் திறந்துகொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? "கோயில் சோறு திண்டிட்டு வந்ததுகள்" என்று ஒரு கலியாண வீட்டில் ஒருத்தி சொன்னது நுஸ்ரத்தின் காதிலேயே விழுந்தது. அது மனதுக்குள் முள்ளாக நின்றது. அந்த வியாழக்கிழமை நல்ல கேள்வி எதுவும் வரவில்லை. ஒரு துண்டை எடுத்து அவளே எழுதினாள்: "ஒரு சகோதரி கேட்கிறா. வெள்ளத்தில் கோயில் மண்டபத்தில் சமைத்துத் தந்த சோற்றைச் சாப்பிட்டோம். அது பாவமா?" கணவர் தெளிவாகப் பதில் சொன்னால் ஊர் அடங்கும் என்பது அவளுடைய எண்ணம். சூடான கேள்விக்கு ஆட்கள் கூடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. தானே எழுதியதென்று அவருக்குச் சொல்லவில்லை.

மௌலவி துண்டை வாசித்தார். "இதுக்கு ஒரு கூட்டம் என்ன சொல்லும்?" என்று தொடங்கினார். அந்தக் கூட்டமாகவே மாறினார். "சிலைக்கு முன்னால ஆக்கின சோறு ஹறாம். திண்டவன் அல்லாஹ்விட்ட மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்யோணும். வயிறு காஞ்சு செத்தாலும் ஈமானை ஒரு கவளத்துக்கு விக்கேலாது. மறுமையில அந்தக் கவளம் தொண்டையில நெருப்பா நிக்கும்."

பாங்கு தொடங்கியது. நுஸ்ரத்தின் பெருவிரல் போனது.

றுவைஸ் என்பவன் இறங்குதுறைக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருப்பவன். மௌலவி என்றால் உயிர். லைவின் கடைசி ஒரு நிமிடத்தை எடுத்து, "துணிந்து சொன்ன ஆலிம்" என்று எழுதித் தன் ஸ்டேட்டஸில் போட்டான். ஸ்டேட்டஸில் ஒரு நிமிடத்துக்கு மேல் போடுவது அவன் வழக்கமல்ல. கடைசியில்தானே சூடு இருந்தது. "ஒரு கூட்டம் என்ன சொல்லும்" என்ற தொடக்கம் அதில் இல்லை. தலையை றுவைஸ் வெட்டினான், வாலை நுஸ்ரத் வெட்டியிருந்தாள். நடுமுண்டம் மட்டும் ஊர்வலம் போனது.

வெள்ளி காலை பாண் வாங்க ஆள் போய் வருவதற்குள் அது திருகோணமலை, கிண்ணியா, புல்மோட்டை எல்லாம் சுற்றிக் கடல் கடந்தும் போயிருந்தது. முகம் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து மௌலவியைச் சிங்கம் என்றார்கள். வேறு ஆயிரம் பேர் எழுத்தில் வாசிக்கக் கூசும் சொற்களால் ஏசினார்கள். பேஜில் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். கூடக்கூட நுஸ்ரத் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பத்து மணியளவில் பொலிஸ் நிலையத்திலிருந்து கோல் வந்தது. சம்பூர்க் கோயில் தர்மகர்த்தா கனகசபை முறைப்பாடு செய்திருக்கிறார், நாலு மணிக்கு மௌலவி வரவேண்டும். மத வெறுப்பைத் தூண்டிய வழக்கில் உள்ளே போனால் லேசில் பிணை கிடைக்காதென்று ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பக்கத்துத் தெருவில் ஒருவர் ஒரு பேஸ்புக் பதிவுக்காக மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த பிறகும் யாரோடும் கதைப்பதில்லை. பிள்ளைகள் கதவைத் தட்டினாலும் திடுக்கிடுவார். நுஸ்ரத் அந்த மனிதரை நினைத்தாள், பிறகு தன் கணவரைப் பார்த்தாள். கேள்வியும் நான், வெட்டினதும் நான், போகப்போறது அவர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பள்ளித் தலைவர் ஸெய்னுதீன் ஹாஜியார் வீட்டுக்கு வந்து முன்னறைக் கதிரையில் அமர்ந்தார். ஊரில் எத்தனையோ வழக்குகளைப் பொலிஸ் வாசலோடு திருப்பி அனுப்பியவர். நுஸ்ரத் குசினித் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"ராவு பள்ளிக்க நீங்க சொன்ன மீதியை நாற்பது பேர் கேட்டதுதானே. நாங்க வந்து சொல்லலாம்" என்றார் மௌலவியின் பக்கத்தில் இருந்த அயலவர் ஒருவர்.

"நாற்பது பேரும் நம்மட ஆக்கள். பொலிஸ் எப்படி நம்பும்?" என்றார் ஹாஜியார். "இஞ்ச கேளுங்க மௌலவி. பேஜில கிடக்கிற லைவை முதல்ல அழிங்க. அழிச்சிட்டு, நான் அப்படிப் பேசவே இல்ல, றுவைஸ் ஏஐயில செஞ்சி போட்டதெண்டு சொல்லுங்க. இந்தக் காலத்தில அதை ஆரும் நம்புவான்."

"அவன் கடைசி நிமிஷத்தை எடுத்துப் போட்டதுதானே ஹாஜியார். செஞ்சி போடல்லயே."

"வெட்டினவன்தானே அவன். வெட்டினவன் கொஞ்சம் பாரத்தைத் தூக்கட்டும். நீங்க உள்ளுக்குப் போனா மத்ரஸா என்னாகிற? இந்தப் புள்ளையள் என்னாகிற?"

மௌலவி நெற்றியைத் தேய்த்தார். பயந்துவிட்டார் மனிதர். ஆலிமென்றாலும் அவருக்கும் வயிறு, பிள்ளை, உயிர் எல்லாம் இருக்கிறது. கடைசியில் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"நுஸ்ரத், அந்த லைவை அழிச்சிடுங்க."

பேஜின் கடவுச்சொல் அவளிடம்தான் இருந்தது. போனும் அவள் கையில்தான் இருந்தது. ஒரு தட்டு, அவ்வளவுதான். கணவர் இரவு வீட்டில் தூங்குவார். றுவைஸ்? அவனுடைய மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். நுஸ்ரத் திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்துக்கு அவள் இப்படி வந்ததேயில்லை. ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏலாது" என்றாள்.

"என்ன கதை இது?" என்றார் மௌலவி.

"எதிராளிர சொல்லைப் பாதியாச் சொல்றது களவெண்டு நீங்கதான் எல்லாருக்கும் சொல்ற. இப்ப உங்கட சொல்லையே இல்லையெண்டு சொல்லப்போறீங்க. றுவைஸ் தலைப்பக்கம் வெட்டினான். வால்பக்கம் வெட்டினது நான். ரெண்டு பேரையும் சொல்லுங்க, இல்லாட்டி ஒருத்தரையும் சொல்லாதீங்க. நானும் பொலிஸுக்கு வாறன்."

ஹாஜியார் எழுந்தார். "பொம்புளையள் கதைக்கிற இடத்தில எனக்கு வேலையில்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மௌலவி மனைவியை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி சிங்களவர். தமிழ் தெரிந்த சார்ஜன் ஒருவர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். ஒரு பக்க வாங்கில் கனகசபையும் இலட்சுமியும் இருந்தார்கள். கனகசபை அறுபது வயதைத் தாண்டிய கட்டை மனிதர். கோபத்தில் கழுத்து நரம்பு தெரிந்தது. இலட்சுமி நுஸ்ரத்தைப் பார்த்தார். சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. சோறு போட்டது அவர் என்பதால் அவரையும் வாக்குமூலத்துக்கு அழைத்திருந்தார்கள்.

பொறுப்பதிகாரி அந்த ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டினார். நெருப்பு, கவளம், தொண்டை எல்லாம் அந்தச் சின்ன அறையில் மறுபடி ஒலித்தன. தன் சொந்தக் குரலையே கேட்டு மௌலவி தலைகுனிந்தார்.

"இது நீங்கள்தானா என்று ஐயா கேட்கிறார்" என்றார் சார்ஜன்.

நுஸ்ரத் கணவரின் உதட்டையே பார்த்தாள். ஹாஜியார் சொல்லிக்கொடுத்த பொய் அந்த உதட்டுக்கு வர எவ்வளவு தூரம்?

"நான்தான்" என்றார் மௌலவி. "ஆனா அது என்ட கருத்தில்ல. வேற ஆக்கள்ற கருத்தை எடுத்துச் சொன்னது. பதில் அதுக்குப் பிறகு இருந்திச்சி."

"பதில் எங்கே?"

"அது பதிவாகல்ல."

பொறுப்பதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இந்தப் பதிலை அவர் எதிர்பார்த்தே இருந்தவர்போல உதட்டைச் சுழித்தார். நுஸ்ரத் எழுந்து நின்றாள்.

"சேர், நிப்பாட்டினது நான். இஷாவுக்குப் பாங்கு சொல்லிச்சி. பாங்கு சொன்னா நான் நிப்பாட்டுவன். எல்லா வியாழனும் அப்படித்தான். பழைய லைவ் எல்லாத்தையும் பாருங்க, ஒவ்வொண்டும் கதை பாதியிலதான் நிக்கும்."

றுவைஸ் வெட்டிய தொடக்கத்தை முதலில் போட்டுக் காட்டிவிட்டுத் தன் போனை நீட்டினாள். பொறுப்பதிகாரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் மௌலவி "ஸகாத்து யாருக்குக் கடமையெண்டா" என்றபடி நின்றார். இன்னொன்றில் வாய் திறந்தபடியே நின்றார். எல்லாவற்றின் கடைசியிலும் பாங்கின் முதல் சொல் கேட்டது. அவர் சார்ஜனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நிலையத்துக்கு எதிர்க்கடைக்காரனும் பாங்கு சொன்னால் ரேடியோவை நிறுத்துகிறவன்தான், தினமும் பார்க்கிறேன் என்றாராம். பிறகு மௌலவியைப் பார்த்து, "அந்தப் பதிலை இப்போது இவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார்.

மௌலவி கனகசபையின் பக்கம் திரும்பினார். குரல் முதலில் பிசிறியது. அல்லாஹ்வுக்கு இணைவைத்துச் சிலை வணங்கிய ஒரு பெண்ணின் தோல்பையிலிருந்து நபியவர்கள் பயணத்தில் தண்ணீர் எடுத்ததைச் சொன்னார். உயிர் போகும் நேரத்தில் தடுக்கப்பட்டதும் அனுமதியாகும் என்ற சட்டத்தைச் சொன்னார். மனிதர்களுக்கு நன்றி சொல்லாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி சொல்லாதவன் என்று வந்திருப்பதைச் சொன்னார். "நம்மட புள்ளையள்ற உசிரைக் காப்பாத்தின சோத்தைப் பாவமெண்டு சொல்றவன்தான் தௌபாச் செய்யோணும் எண்டு பள்ளிக்க சொன்னனான். அல்லாஹ் சாட்சி."

கனகசபை கேட்டுக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு கொஞ்சம் அடங்கியது, கோபம் அடங்கவில்லை.

"நல்ல கதைதான் மௌலவி. ஆனால் எங்களைப் பேசினதை உலகத்துக்குச் சொன்னீங்கள். எங்களுக்கு நன்றி சொன்னதைப் பள்ளிக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னீங்கள். அதை எங்கை சொன்னீங்களோ அங்கை இதையும் சொல்லுங்கோ. அதை நான் காதாலை கேட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குறன்."

"இண்டைக்கே சொல்றன்" என்றார் மௌலவி.

பொறுப்பதிகாரி திங்கட்கிழமைவரை பார்ப்போம் என்றார். ஆளை உள்ளே போடவில்லை. நுஸ்ரத் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி வெளியே வந்தாள்.

ஆண்கள் இருவரும் கையெழுத்துப் போட உள்ளே நின்றார்கள். வேப்பமரத்தடியில் இலட்சுமி தனியாக நின்றார்.

"தங்கச்சி" என்று கூப்பிட்டார். "உங்கட அவர் சொன்ன பதில் சரி. எனக்கு அதிலை கோபமில்லை. கேள்வி கேட்ட அந்தச் சகோதரி ஆர்?"

நிகழ்ச்சியில் கேள்வி கேட்டவர் பெயரைச் சொல்வதில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அது அவர்கள் நிகழ்ச்சியின் விதியும்தான். இலட்சுமியின் உள்ளங்கையில் கொப்புளம் ஆறிய இடம் வெளிறிக் கிடந்தது.

"நான்தான் அக்கா" என்றாள் நுஸ்ரத். "ஊரில கதைச்சாங்க. இவர் பதில் சொன்னா வாயை மூடுவாங்க எண்டு நினைச்சி எழுதினன்."

"உனக்குச் சந்தேகம் இருக்கேல்லையோ?"

நுஸ்ரத் இல்லையென்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"கொஞ்சம் இருந்திச்சி அக்கா."

இலட்சுமி தலையாட்டினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மண்டபத்திலை அடுப்பு மூட்டினால் முதல் அகப்பை அம்மாளாச்சிக்கு. அது எங்கட வழமை. படைச்சிட்டுத்தான் பந்தி. உங்கட ஆக்கள் படைச்சதைத் தின்னமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். மூதூர்ச் சந்தையிலை எத்தனை வருஷம் உங்களோடை இருந்து மரக்கறி வித்தனான். அந்த நாளெல்லாம் நான் படைக்கேல்லை. கனகசபை அண்ணைக்கும் சொல்லேல்லை, ஐயருக்கும் சொல்லேல்லை. முதல் அகப்பையை உன்ர மகளின்ர கோப்பையிலைதான் போட்டனான்."

நுஸ்ரத் ஏதாவது சொல்லவேண்டும் என்று தவித்தாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவளுக்கு என்ன சொல் மிஞ்சியிருக்கும்?

"என்னட்டை ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம்" என்றார் இலட்சுமி. "சொல்லியிருப்பன்."

"அக்கா, இதை நான் லைவில—"

"சொல்லிப்போடாதை" என்று இலட்சுமி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. "எங்கட சனத்துக்குத் தெரிஞ்சால் என்னை அந்த மண்டபத்து வாசல் மிதிக்க விடாதுகள். அம்மாளாச்சியைப் பட்டினி போட்டனி எண்டு கேக்குங்கள். நானே ஒவ்வொரு நாளும் அவவிட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். உன்ர அவருக்கும் சொல்லாதை."

கனகசபை வெளியே வந்தார். இலட்சுமி கையை எடுத்துவிட்டு அவரோடு முச்சக்கரவண்டியில் ஏறிப் போனார்.

அன்று லைவ் இஷாத் தொழுகைக்குப் பிறகு போனது. இடையில் பாங்கு வந்து நிறுத்திவிடக் கூடாதென்று மௌலவியே சொன்ன ஏற்பாடு. அவர் துண்டு எதுவுமில்லாமல் பேசினார். தன் பழக்கத்தையும் விட்டு, எதிர்க்கருத்தைத் தொடாமல் நேரே பதிலைச் சொன்னார். சம்பூர் மக்களின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். காலையில் சிங்கம் என்றவர்கள் இப்போது கூட்டமாகத் திரும்பினார்கள். எழுத்துகள் திரையில் மேலே மேலே ஏறின. கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்: படைச்ச சோறா, படைக்காத சோறா? அதைச் சொல்லு முதல்ல.

முன்னறையில் இருந்த அயலவர் தன் போனில் அதை வாசித்துவிட்டு, "இதைத்தான் எல்லாரும் கேக்கிறாங்க மௌலவி" என்றார்.

மௌலவி போனுக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். அங்கே இருந்து சாப்பிட்டவள் அவள்தானே. தெரியுமா என்று கண்ணால் கேட்டார். ஒரு சொல் போதும். ஊர் வாய் முழுவதையும் ஒரே அடியில் அடைக்கிற சொல் அவள் நாக்கில் இருந்தது. அவருடைய மானமும் அதில் திரும்பி வரும். நுஸ்ரத் தெரியாதென்று தலையாட்டினாள்.

"எங்களுக்குத் தெரியாது" என்றார் மௌலவி திரையைப் பார்த்து. "தண்ணி கழுத்தளவில நிக்கக்குள்ள சோறு தந்தவங்களை விசாரிக்கச் சொல்லி மார்க்கம் சொல்லல்ல."

ஏச்சு இன்னும் கூடியது. காசு வாங்கிவிட்டார் என்றார்கள். பொலிஸ் அடித்திருக்கும் என்றார்கள். படம் இலேசாக ஆடத் தொடங்கியது. நுஸ்ரத் எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் அடங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவர் எழுதினார்: "கெமரா பிடிக்கிறவர்ட கை நடுங்குது, பாருங்க. பயத்திலதான் பேச வெச்சிரிக்காங்க." அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் ஓம் என்று போட்டார்கள்.

நுஸ்ரத் மற்றக் கையையும் கொண்டுவந்து போனைப் பிடித்துக்கொண்டாள்.